பெருநாளுக்கு முன் இறந்தவன்

டூனிஸ்
11 மே 1990

அண்ணிக்கு நஜீபா எழுதுவது. ஸலாம்.

நேற்று மதியம் தந்தி வந்தது. "பெல்காசம் காலமானார். அடக்கம் முடிந்தது." கூடப் பிறந்த அண்ணன் செத்ததையும் மண்ணுக்குள் போனதையும் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டேன். முகம் பார்க்க வேண்டாம், குறைந்தது வாசலில் வந்து நிற்கவாவது எனக்கு உரிமை இல்லையா? டூனிஸிலிருந்து நம் பிர் லஷ்ஹபுக்கு ஒரு பகல் பயணம். அந்த ஒரு பகலைக்கூட எனக்காகக் காத்திருக்க முடியவில்லை.

இரண்டு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எங்க நஜீபா நல்லாப் படிச்சவ, என்ன, படிச்சதெல்லாம் புழு." அவர்கள் தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்கள். அதற்கு நான் உங்களை "ஆறாம் வகுப்பு" என்று திட்டினேன். அதெல்லாம் நமக்குள். அண்ணன் யாரோடும் சண்டை போடவில்லையே.

எப்படி இறந்தார்? யாரும் ஒரு வரி எழுதவில்லை. உம்மா எப்படி இருக்கிறார்? உங்கள் குட்டிப் பெண் ஹாதியா எப்படி இருக்கிறாள்?

நான் வரவில்லை. வந்து என்ன செய்ய.

நஜீபா

*

பிர் லஷ்ஹப்
17 மே 1990

அன்புள்ள நஜீபாவுக்கு,

தந்தி கொடுத்தது உன் இளைய அண்ணன் முக்தார். உனக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நான் கத்தினேன். புருஷன் செத்த பெண் கத்தினால் யார் காதில் விழும்? எனக்கும் உன்மேல் கோபம் இல்லாமல் இல்லை, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். உப்புவெளி ஓரத்தில் கூரையில்லாத ஒரு பழைய மேய்ப்பர் குடில் இருக்கிறதே, அங்கே ஒட்டகம் தேடிப் போனவர்கள் ஒரு உடலைப் பார்த்திருக்கிறார்கள். நோன்புப் பெருநாள் முடிந்து ஒன்பதாம் நாள். காவலர்கள் முக்தாரைக் கூப்பிட்டார்கள். "முகம்னு ஒண்ணு இல்ல அண்ணி, அல்லாஹ் மேல ஆணை, கேக்காதீங்க" என்றான். ஆனால் உடம்பில் இருந்தது மாமி தன் கையால் நெய்த புர்னூஸ், தலைமூடி சேர்த்த அந்தக் கம்பளி மேலங்கி. தலைமூடியின் ஓரத்தில் மாமி போடும் கறுப்புக் கோடு. அவர் மார்ச் மாதம் லாரியோடு லிபியாவுக்குப் போனபோது போர்த்திக்கொண்டு போனது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெயிலில் வழி தவறி இறந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை அஸர் தொழுகைக்கே அடக்கம்.

எனக்குக் காட்டவில்லை நஜீபா. நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுப் பைத்தியம் என்று சொல்லிக்கொள். பெருநாள் காலையில் அவர் மளிகைக் கடை டெலிபோனுக்குப் பேசினார். நானே பேசினேன். ஹாதியாவிடம், "புதுச் சட்டை என்ன கலரு? மஞ்சளா? அப்ப நீ எலுமிச்சம்பழம்" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வர மே மாசக் கடைசி ஆகும் என்றார். அப்படிச் சொன்னவர் நான்கைந்து நாளில் லாரி இல்லாமல், கால்நடையாக, உப்புவெளியில் எதற்கு நிற்கிறார்? "விதி" என்கிறான் முக்தார். விதி லாரியையுமா விழுங்கும்?

இன்னொன்று. அடக்கம் முடிந்து மாமி அந்தப் புர்னூஸை வாசலில் உதறியபோது கோதுமைத் தவிடு போலப் பழுப்பாக என்னவோ உதிர்ந்தது. கோழிகள் ஓடி வந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ படிக்கும்போது சமையலறை அலமாரியில் ஜாடி ஜாடியாக வைத்திருந்தாயே, நான் ஒருமுறை தூக்கி வெளியே எறிந்தேனே, அதற்குள் இதே மாதிரிதான் கிடந்தது.

அது என்ன? அதற்கு ஏதாவது தெரியுமா? இங்கே கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அவர் செத்துவிட்டார் என்று எல்லோரும் தீர்மானித்ததால் அவரைத் தேட ஒருவரும் இல்லை. நான் இத்தாவில் இருக்கிறேன், நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது.

மப்ரூகா

*

டூனிஸ்
22 மே 1990

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். அதனால் உங்களையும் நம்ப மாட்டேன், என்னையும் நம்ப மாட்டேன்.

லிபியாவில் உயிருள்ள ஆட்டின் புண்ணில் முட்டையிடும் அந்நிய ஈ புகுந்ததிலிருந்து, நம் எல்லையோர ஆடுகளின் புண்ணில் எடுக்கும் புழுவெல்லாம் குப்பி குப்பியாக என் மேஜைக்குத்தான் வருகிறது. அது எந்த ஈ, எப்போது இட்ட முட்டை என்று சொல்வதுதான் என் வேலை. வெளிநாடுகளில் இதே கணக்கை வைத்து இறந்தவர்களின் நாளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நான் செய்ததில்லை. செய்ய முடியும்.

புர்னூஸைத் துவைக்க விடாதீர்கள். இனி உதற விடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் மடிப்பு, ஓரத் தையல், தலைமூடியின் உட்புறம், பை எல்லாவற்றையும் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். கிடைப்பதைப் பஞ்சு வைத்த தீப்பெட்டிகளில் போடுங்கள். ஒரு இடத்தில் எடுத்தது ஒரு பெட்டி. எங்கே எடுத்தது என்று மேலே எழுதுங்கள். விரலால் அழுத்தாதீர்கள், நொறுங்கிவிடும்.

எதைத் தேடுகிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் அது மட்டும்தான் உங்கள் கண்ணில் படும்.

ஜாடியை எறிந்தது நீங்கள்தானா! இத்தனை நாளாக எலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஜீபா

*

பிர் லஷ்ஹப்
29 மே 1990

அன்புள்ள நஜீபாவுக்கு,

வாடகை வண்டி ஓட்டும் ஸலீமிடம் ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்புகிறேன். உள்ளே தீப்பெட்டிகள். "டூனிஸுக்கு இனிப்பா அக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எடுக்க நான் பட்ட பாடு. மாமி அந்தப் புர்னூஸைத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறார். அவர் லுஹர் தொழுகைக்கு நின்ற நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசியால் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன். தவிடு போன்ற அந்தக் கூடுகளில் முதலாவது கையில் பட்டதும் புர்னூஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் மாமி நிற்கிறார்.

"என்னடி பண்றே?"

"தையல் விட்டிருக்கு மாமி..."

"நான் போட்ட தையல் விடாது. உண்மையச் சொல்லு."

சொல்லிவிட்டேன். "மாமி, இதப் போட்டிருந்தது உங்க பிள்ளை இல்லைன்னு எனக்குத் தோணுது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குன்னு ஒரு கபர் கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமையானா போய் உக்கார ஒரு எடம். லிபியாவுக்குப் போன பிள்ளைங்கள்ல எத்தனை பேரோட அம்மாவுக்கு அதுவும் இல்ல. அதையும் பிடுங்கப் பாக்குறியா?"

நான் புர்னூஸை மடிக்கப் போனேன். அவரே கேட்டார்: "அவ கேட்டாளா? அந்த ஈக்காரி?"

"ஆமா மாமி."

"அவ சும்மா ஒண்ணையும் கேக்க மாட்டா, மூணு வயசுலேர்ந்தே."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, புர்னூஸின் இன்னொரு முனையை இறுக்கிப் பிடித்து எனக்கு விரித்துக் காட்டினார். நான் பிரித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமூடித் தையலுக்குள்தான் அதிகம். தோள் மடிப்பில் கொஞ்சம். நெஞ்சுப் பக்கத்து உள் பையிலும் இருந்தது. தனிப் பெட்டியில் உயிரோடு நெளியும் முடி முளைத்த புழுக்களும் வைத்திருக்கிறேன். அவைதான் முக்கிய சாட்சி என்று எனக்குப் படுகிறது. பத்திரம்.

மப்ரூகா

*

டூனிஸ்
6 ஜூன் 1990

அண்ணிக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. பெட்டிகள் மேல் நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்து எங்கள் ஆய்வுக்கூடத்தில், "யாரு எடுத்தது? நம்ம ஆளுங்களவிட சுத்தமா இருக்கே" என்று கேட்டார்கள். அண்ணி என்றேன்.

உங்கள் முக்கிய சாட்சியை வெளியே அனுப்பிவிட்டேன். அந்த முடிப்புழுக்கள் உம்மாவின் வீட்டில் கம்பளி தின்று வளர்கிறவை. அண்ணனைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டிலுள்ள மற்ற கம்பளிகளை வெயிலில் போடுங்கள்.

கூடுகள் வேறு கதை. ஆனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அதனால் எதுவும் சொல்லாமல் அவற்றை ஹெல்மியின் மேஜையில் வைத்தேன். அவர் என்னோடு வேலை செய்கிறவர், வாயைத் திறந்தால் குறைதான் சொல்வார், அதனாலேயே நம்பலாம். தெற்கே, ஏப்ரல் மாதம், கம்பளித் துணி என்று மட்டும் சொன்னேன். உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றுதான். உடனே அடுத்த கேள்வியும் கேட்டார்: "அந்த எடத்துல வேற எதுவும் செத்துக் கெடக்கலையே? ஆடு, நாய்? அந்தப் புழு ஊர்ந்து வந்து இந்தத் துணிக்குள்ள கூடு கட்டியிருந்தா?"

என் ஆசை அந்தக் கேள்வியை மறந்திருந்தது பாருங்கள்.

குடிலைப் போய்ப் பார்க்க வேண்டும். எலும்பு, தோல், கம்பளித் துணுக்கு ஏதாவது கிடக்கிறதா என்று. பக்கத்திலும் பார்க்க வேண்டும். முக்தார் அண்ணன் போனால் நல்லது. அவருக்கு நம் பேச்சில் நம்பிக்கை இல்லை, அதனால்தான்.

நஜீபா

*

பிர் லஷ்ஹப்
12 ஜூன் 1990

நஜீபாவுக்கு,

முக்தாரிடம் சொன்னதும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "அண்ணனைத் தோள்ல தூக்கினவன் நான்! ஒரு ஈ வந்து எனக்குச் சொல்லணுமா? ஊர் சிரிக்கும் அண்ணி! பொம்பளைங்க ரெண்டு பேரும் சேந்து கபரத் தோண்டப் போறீங்களா?"

மாமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "போய்ப் பாத்துட்டு வா. பாக்குறதுக்கு என்ன?"

மறுநாள் காலை போனான். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் உப்புத் தூசி. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்: "ஒண்ணுமில்ல. ஆடு இல்ல, நாய் இல்ல, ஒரு எலும்பு இல்ல. நாலு பக்கமும் நடந்து பாத்தேன். பழைய புழுக்கைதான் காஞ்சு கெடக்கு." பொய் சொல்லியிருக்கலாம். ஒரு எலும்பு கிடந்தது என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், அவன் சொன்னதே நின்றிருக்கும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதை எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம்.

போகும்போது திரும்பி, "நஜீபாகிட்ட நான் சொன்னதா எழுதுங்க, நல்லாத் தேடினேன்னு" என்றான்.

இப்போதாவது சொல். மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

மப்ரூகா

*

டூனிஸ்
17 ஜூன் 1990

அண்ணிக்கு,

இதை உம்மாவுக்கும் முக்தார் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

செத்த உடம்புக்கு ஈ முதல் நாளே வந்துவிடும். முட்டை இடும். முட்டை புழுவாகும். புழு தின்று கொழுத்து, தன் தோலையே பழுப்புக் கூடாக இறுக்கிக்கொண்டு உள்ளே கிடக்கும். அங்கே ஈயாக மாறி, தலைப்பக்கத்தைத் தொப்பி போலக் கழற்றிவிட்டு வெளியே வரும். சூடு அதிகமானால் சீக்கிரம், குறைந்தால் தாமதம். இந்த வருஷம் ஏப்ரலில் உங்கள் பக்கம் ராத்திரியெல்லாம் குளிர். வானிலை நிலையத்தில் எழுதி வாங்கிக் கணக்குப் போட்டேன். எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்த ஈக்கு முட்டையிலிருந்து வெளியே வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

அண்ணி அனுப்பிய கூடுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் திறந்தவை. புர்னூஸை உதறிய அன்றே தவிடு போல லேசாக உதிர்ந்தவையும் இப்படிக் காலியானவைதான், உள்ளே பூச்சி இருக்கும் கூடு கனமாக விழும். அதாவது அந்த மனிதரைக் கண்டெடுத்தபோதே ஈக்கள் பிறந்து பறந்துவிட்டன. வேறு எந்தச் செத்த பிராணியும் அங்கே இல்லை என்று முக்தார் அண்ணன் பார்த்து வந்திருக்கிறார்.

அப்படியானால் அந்த மனிதர் பெருநாளைப் பார்க்கவில்லை. நோன்பு மாதத்திலேயே இறந்துவிட்டார். பெருநாள் காலையில் ஹாதியாவை எலுமிச்சம்பழம் என்று சொன்னவர் அவர் இல்லை.

நம் கபரில் இருப்பது பெல்காசம் அண்ணன் இல்லை.

இதற்கு மேல் என் கூடுகளுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் எங்கே, நலமா, ஏன் பேசவில்லை, ஒன்றும் தெரியாது. அதிகமாக நம்பிவிடாதீர்கள் என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை. தேடுங்கள் அண்ணி.

நஜீபா

*

ஸுவாரா, லிபியா
27 ஜூன் 1990

நஜீபா! என் கண்ணே! முதலில் இதைப் படி: உயிரோடு இருக்கிறார். கட்டிலில் இருக்கிறார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இனி முறையாகச் சொல்கிறேன். உன் கடிதத்தை வாசித்ததும் மாமி எழுந்துபோய் என் வெளியே போகும் போர்வையை எடுத்து வந்து மடியில் போட்டார். "இத்தா யாருக்கு? செத்தவன் பொண்டாட்டிக்கு. நீ கெளம்பு." முக்தாரைப் பார்த்தார். அவன் ஏற்கனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

பென் கர்தான் சந்தையில் லிபிய லாரிகள் இறக்கும் இடத்துக்குப் போனோம். ஒவ்வொரு ஓட்டுநராகக் கேட்டேன். சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், புருஷன் செத்த துக்கத்தில் கலங்கிவிட்டாள் என்று. அப்போது போர்வை விற்கும் லாரியிலிருந்து அம்மார் என்று ஒரு குண்டு ஆள் இறங்கினார். பெயரைக் கேட்டதும், "பெல்காசமா? அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். நான்தானேம்மா சேதி கொண்டுவந்தேன்" என்றார்.

"என்ன சேதி?"

"தொடை எலும்பு முறிஞ்சு ஸுவாரா ஆஸ்பத்திரியில கெடக்கேன், வீட்ல சொல்லிடுன்னு சொல்லி அனுப்பினாரு. ஊருக்கு வந்தா உங்க வாசல்ல கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருக்கு, குர்ஆன் ஓதறாங்க. யாருக்குன்னு கேட்டேன், பெல்காசத்துக்குன்னாங்க. அடப்பாவமே, கால்தானே ஒடைஞ்சுது, அதுக்குள்ள போயிட்டாரே, எனக்கு முன்னாடி சேதி வந்துடுச்சேன்னு நெனச்சேன். உக்காந்து ஃபாத்திஹா ஓதினேன். சாப்பிடச் சொன்னாங்க, ஒரு தட்டு குஸ்குஸ் சாப்பிட்டேன். போயிட்டேன்."

முக்தார் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!"

"துக்க வீட்ல என்னத்தக் கேக்குறது தம்பி? எப்படிச் செத்தார்னா?"

நான் நடுவீதியில் சிரிக்க ஆரம்பித்தேன். பிறகு அழுகையும் சேர்ந்துகொண்டது. அதே லாரியில் போர்வைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து எல்லை தாண்டினோம்.

பெருநாள் முடிந்த வாரம் லாரி கவிழ்ந்திருக்கிறது. காலைக் கயிற்றில் கட்டி எடை தொங்கவிட்டு மல்லாக்கப் போட்டிருக்கிறார்கள். தாடி வளர்ந்து ஆளே மாறிவிட்டார். என்னைப் பார்த்ததும், "என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அம்மார்கிட்ட சொல்லி அனுப்பினேனே. அவ்வளவு கோவமா?" என்றார்.

"உங்களுக்குக் கபர்ல கல்லு நட்டுக்கிட்டிருந்தோம்."

அவர் சிரித்த சிரிப்பில் எடைக்கல் ஆடியது, நர்ஸ் ஓடி வந்து திட்டினாள். முக்தார் தரையில் உட்கார்ந்து அண்ணனின் நல்ல காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறான்.

நீ கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னேன். "அவ ஜாடியத் தூக்கி எறிஞ்சவ நீதானே?" என்கிறார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

உன் அண்ணி
மப்ரூகா

*

டூனிஸ்
4 ஜூலை 1990

அண்ணிக்கு,

கடிதத்தை வாங்கி நின்றுகொண்டே படித்தேன். ஹெல்மி என்ன ஆயிற்று என்று கேட்டார். காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "கணக்கு சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் மொத்தக் கூடத்துக்கும் பாதாம் பணியாரம் வாங்கி வந்தார்.

அண்ணி, சந்தோஷத்தில் இதைக் கேட்க மனமில்லை, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படியானால் அந்தப் புர்னூஸில் இருந்தது யார்? அவருக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே ஒரு மனுஷி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். கேளுங்கள்.

நஜீபா

*

பிர் லஷ்ஹப்
2 ஆகஸ்ட் 1990

அன்புள்ள நஜீபாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். ஊன்றுகோலோடு அவர் இறங்கியபோது தெருவில் சிலர் பின்வாங்கினார்கள். மாமி பின்வாங்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டார்.

நீ கேட்டதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். கேட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "இசூஃபு" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

நைஜர்க்காரன். இருபத்தைந்து வயது இருக்குமாம். நோன்பு தொடங்கிய சமயம் திரிப்போலிப் பக்கம் வழியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜர்ஜிஸில் கட்டட வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லி வந்தவன். காகிதம் இல்லை, அதனால் எல்லைச் சாவடிக்கு முன்பே இறங்கிக்கொண்டானாம். இவர் எல்லையில் சரக்கை இறக்கிவிட்டு மறுபடி திரிப்போலிக்கே திரும்பிவிட்டாராம். "மெல்லிசுச் சட்டை போட்டு நடுங்கிட்டிருந்தான். கழட்டிக் குடுத்தேன். மின்கம்பத்தப் பாத்துக்கிட்டே நட, ஊரு வந்துடும்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி மணல் காத்து அடிச்சுது மப்ரூகா. கம்பம் எங்கேர்ந்து தெரியும்?"

டெலிபோனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உம்மா நெஞ்சதக் குடுத்துட்டேன்னு பெருநாளன்னிக்கா சொல்றது?" நெய்ததைத்தான் நெஞ்சது என்றார், மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது. எனக்கு அந்தச் சொல்லே சரியாகப் பட்டது.

இசூஃபுவின் அண்ணன் ஹாரூனா திரிப்போலியில் பஸ் நிற்கும் இடத்தில் செருப்புத் தைக்கிறாராம். அம்மாரிடம் சொல்லியிருக்கிறோம். இந்த முறை, எந்த வாசலில் எத்தனை நாற்காலி கிடந்தாலும் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று முக்தார் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

மாமியிடம்தான் எப்படிச் சொல்வது என்று தவித்தோம். அவரே தெரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை வந்ததும் வழக்கம் போலக் கபருக்குக் கிளம்பினார். "மாமி, அது..." என்றேன்.

"தெரியும். அதுக்காக ஒரு வாரம் போகாம விட்டா அவன் என்ன நெனப்பான்?"

மப்ரூகா

*

டூனிஸ்
19 செப்டம்பர் 1990

அண்ணிக்கு,

அண்ணனின் மரணப் பதிவை நீக்கப் போன அன்று மெதனீன் நீதிமன்றத்தில் உங்களோடு சரியாகப் பேச முடியவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம், ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் குமாஸ்தா. "பதிவேட்டுப்படி நீங்க காலமாயிட்டீங்க, காலமானவர் மனுக் குடுக்க முடியாதே" என்று அந்த ஆள் சொன்னதும், அண்ணன் ஊன்றுகோலால் மேஜையைத் தட்டி, "அப்ப என் வரியெல்லாம் திருப்பிக் குடு" என்றதும் இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நீங்கள் வெளியே போன பிறகு நீதிபதி என்னை மட்டும் இருக்கச் சொன்னார். தீப்பெட்டிகளைத் தானே திறந்து பார்த்தார். "இதப் போல இன்னும் எத்தனை பேரை உடுப்ப மட்டும் பார்த்துப் புதைச்சிருப்போம்?" என்று கேட்டார். இனி உப்புவெளியில் உடல் கிடைத்தால் புழுவையும் கூட்டையும் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எப்படி எடுப்பது என்று காவலர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் மே மாதம் உங்களுக்கு எழுதிய அதே வரிகள். பெட்டி மேல் நீங்கள் எழுதிய விதத்தையும் மாதிரிக்குச் சேர்த்திருக்கிறேன்.

ஒரு சேதி. ஹெல்மி என்னைக் கேட்டிருக்கிறார். உம்மாவிடம் பேச வீட்டாரோடு வருவதாகச் சொல்கிறார். என் படிப்பைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் படித்ததும் அதுதான்.

நஜீபா

*

பிர் லஷ்ஹப்
23 அக்டோபர் 1990

அன்புள்ள நஜீபாவுக்கு,

ஹெல்மி வீட்டாரை வரச் சொல். ஆட்டுக்கு முக்தார் சொல்லிவிட்டான். நான் வாயே திறக்க மாட்டேன், சமையலறையை விட்டு வந்தால் கேள்.

ஹாரூனா வந்துவிட்டுப் போனார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மாரின் லாரியில் வந்து இறங்கினார். உயரமான மனிதர், துவைத்து மடித்த வெள்ளை அங்கி, கையில் ஒரு சின்னப் பை. லிபியர்களைப் போல அரபி பேசினார். உன் அண்ணன் ஊன்றுகோலை ஊன்றி அவர் முன்னால் போய் நின்றார். "எறக்கி விட்டது நான்தான்" என்று ஆரம்பித்தார். ஹாரூனா கையைப் பிடித்துக்கொண்டு, "குளிருக்குப் போத்திவிட்டதும் நீங்கதானே" என்றார்.

நீ எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினோம். நோன்பின் முதல் பாதியில் என்று படித்துக் காட்டியதும் ஹாரூனா கண்ணை மூடிக்கொண்டார். "எந்த மாசம்னுகூடத் தெரியாம இருந்தோம். நோன்பு வாயோட போயிருக்கான்" என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்.

எல்லோருமாகக் கபருக்குப் போனோம். கல்லில் இப்போது இசூஃபு என்று இருக்கிறது, முக்தார் தன் கையால் செதுக்கினான். ஹாரூனா ஓதி முடித்து, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லையும், சுற்றியிருந்த எங்கள் வீட்டுக் கபர்களையும், எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியை அந்நியர்கள் நடுவில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மாமி தரையிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போனார். அவர் தோளுக்குக்கூட எட்டவில்லை.

"உங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஊர்ல."

"அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. உன் தம்பிய என் மகன்னு நெனச்சு அடக்கம் பண்ணினோம். ஒண்ணரை மாசம் அவனுக்காகத்தான் அழுதேன். மாரடிச்சு அழுதேன், சோறு எறங்காம அழுதேன். பெத்தவ அழறதுல ஒரு சொட்டுக் கொறையல. பிள்ளை அழ ஆளில்லாமப் போகலைன்னு அவங்ககிட்ட சொல்லு."

ஹாரூனா குனிந்து மாமியின் தலையில் முத்தமிட்டார். பிறகு அப்படியே அந்த மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து அழாததையெல்லாம் அழுதார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றோம்.

மப்ரூகா